ஸ்டவர்ஹெட் எஸ்டேட்: வரலாறும் தோட்டமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டவர்ஹெட் எங்கே இருக்கிறது? அதில் என்னென்ன அடங்கும்?

தென்மேற்கு இங்கிலாந்தில், வில்ட்ஷர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், சாமர்செட், டார்செட் ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைகளும் நெருங்கி வரும் இடத்தில் ஸ்டவர்ஹெட் இருக்கிறது. அருகிலுள்ள சிறு நகரம் மியர். ரயிலில் வருவோர் டார்செட்டிலுள்ள கில்லிங்கம் நிலையத்தில் இறங்க வேண்டும். கென்ட் மாவட்டத்திலும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளைக் கொண்ட ஓர் ஊர் இருப்பதால் பயணச்சீட்டு எடுக்கும்போது கவனம் தேவை.

ஸ்டவர்ஹெட் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது ஏரியும் அதன் கரையிலுள்ள வெள்ளைத் தூண் மண்டபங்களும்தான். ஆனால் மாளிகை, தோட்டம், ஸ்டர்ட்டன் கிராமம், அங்குள்ள செயின்ட் பீட்டர் தேவாலயம், பழைய பயணியர் விடுதி, காடுகள், மேய்ச்சல் மேடுகள் என அனைத்தும் சேர்ந்ததே எஸ்டேட். பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இப்போது இருப்பது சுமார் 2,650 ஏக்கர். அதன் ஒரு பகுதியான வைட்ஷீட் மேட்டில் புதிய கற்காலத்துக் குழிவேலி வளாகமும் இரும்புக் காலத்து மண்கோட்டையும் உள்ளன. மாளிகையின் வயதை அவற்றின் வயதோடு வைத்துப் பார்த்தால், இங்கே நாம் பேசப்போகும் முந்நூறு ஆண்டுகள் மிகச் சிறியவையாகத் தெரியும்.

ஹோர் குடும்பத்துக்கு முன் இந்த நிலம் யாரிடம் இருந்தது?

ஸ்டர்ட்டன் என்ற பிரபுக் குடும்பத்திடம் பல நூற்றாண்டுகள் இருந்தது. 1448இல் ஜான் ஸ்டர்ட்டன் ஆயிரம் ஏக்கர் நிலத்தை வேலியிட்டு மான் பூங்காவாக்க அரசரின் அனுமதியைப் பெற்றார். அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஸ்டவர் ஆறு பிறக்கும் ஊற்றுகள் இந்த நிலத்தில் இருப்பதால், அக்குடும்பத்தின் கேடயச் சின்னத்தில் 6 நீரூற்றுகள் பொறிக்கப்பட்டிருந்தன.

குடும்பத்தின் சரித்திரத்தில் இன்றும் பேசப்படும் நிகழ்வு ஒன்று உண்டு. எட்டாம் பிரபுவான சார்லஸ் ஸ்டர்ட்டன், ஹார்ட்கில் என்ற தந்தையையும் மகனையும் கொலை செய்த குற்றத்துக்காக 1557இல் சால்ஸ்பரியில் தூக்கிலிடப்பட்டார். பிரபு என்பதால் பட்டுக்கயிற்றில் தூக்கிலிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே அதை வைத்துக்கொள்வது நல்லது. கத்தோலிக்க நம்பிக்கையை விடாதவர்கள் என்பதால் பின்னாளில் அரசியல் செல்வாக்கும் பொருள்வளமும் தேய்ந்து, 1714இல் நிலம் அவர்கள் கையைவிட்டுப் போனது. 1717இல் லண்டன் வங்கியாளர் ஹென்றி ஹோர் அதை வாங்கினார்.

ஹோர் குடும்பத்தினர் யார்? இவ்வளவு பணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

ரிச்சர்ட் ஹோர் என்ற பொற்கொல்லர் 1672இல் லண்டனில் தொழில் தொடங்கினார். அக்காலத்துப் பொற்கொல்லர்கள் பிறருடைய நகையையும் நாணயத்தையும் பாதுகாத்துத் தருவதும், கடன் கொடுப்பதும், பற்றுச்சீட்டு எழுதுவதும் வழக்கம். அந்த வழியில்தான் கடை வங்கியானது. 1690இல் ஃப்ளீட் தெருவுக்கு இடம்பெயர்ந்த அந்த வங்கி இன்றும் அதே தெருவில், அதே குடும்பத்தின் உடைமையாகவே நடக்கிறது. ரிச்சர்ட் ஹோர் 1712இல் லண்டன் மேயராகவும் ஆனார்.

ஸ்டவர்ஹெட்டை வாங்கியவர் அவருடைய மகன் முதலாம் ஹென்றி. அவர் பக்திமான்; லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையை நிறுவியவர்களில் ஒருவர்; குடும்பத்தில் 'நல்ல ஹென்றி' என்று அழைக்கப்பட்டவர். ஆனால் வங்கியின் வருமானத்தை அறச்செயல்களின் வெளிச்சத்தில் மட்டும் பார்க்க முடியாது. 1720இல் தென்கடல் கம்பெனியின் பங்குவிலை விண்ணை முட்டி உயர்ந்து பிறகு சரிந்து பல குடும்பங்களை அழித்தபோது, ஹோர் வங்கி உரிய நேரத்தில் வாங்கி உரிய நேரத்தில் விற்று 28,000 பவுண்டுக்கு மேல் லாபம் பார்த்தது. அந்தக் கம்பெனி, ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுபோய் விற்கும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தது. ஆகவே மாளிகை எழுந்த ஆண்டுகளில் அதன் உரிமையாளரின் கையில் இருந்த பணத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்தின் அழகைப் பற்றி எழுதுவோர் பலர் நெடுங்காலம் இந்தப் பக்கத்தைத் தொடாமலே கடந்துபோனார்கள்.

மாளிகையை வடிவமைத்தவர் யார்?

ஸ்காட்லாந்துக்காரரான கோலன் கேம்பெல். இத்தாலியின் 16ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் அளவொழுங்கை இங்கிலாந்தில் பரப்பியவர்களில் அவர் முதன்மையானவர். பழைய ஸ்டர்ட்டன் மாளிகை இடிக்கப்பட்டு, 1720களின் தொடக்கத்தில் அவருடைய வரைபடத்தின்படி புதிய வீடு எழுந்தது. கட்டுமானத்தை அருகிலுள்ள வின்கான்டன் ஊரின் கட்டடக்காரர் நத்தானியேல் ஐர்சன் ஏற்று நடத்தினார். ஆற்றின் தலைப்பகுதியில் இருப்பதால் வீட்டுக்கு ஸ்டவர்ஹெட் என்று பெயரிட்டார்கள். வீடு முழுமையாகி நெடுநாள் அதில் வாழ முதலாம் ஹென்றிக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1725இல் இறந்துவிட்டார்.

முகப்பில் இன்று காணும் தூண் மண்டபம் கேம்பெலின் வரைபடத்திலேயே இருந்தும் அப்போது கட்டப்படவில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து, 1838க்கும் 1841க்கும் இடையில்தான் அது சேர்க்கப்பட்டது.

ஏரி இயற்கையானதா?

இல்லை. ஸ்டவர்ஹெட்டைப் பாதி புரிந்துகொள்ள இந்த ஒரு விடையே போதும். பள்ளத்தாக்கின் மேல் முனையில் மணற்பாறை அடுக்கின் வழியே இறங்கும் மழைநீர், கீழேயுள்ள களிமண் அடுக்கைத் தாண்ட முடியாமல் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. அந்த ஊற்றுகள் சிறு ஓடையாகி, சில பழைய மீன்குளங்களை நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. முதலாம் ஹென்றியின் மகனான இரண்டாம் ஹென்றி ஹோர் 1750களின் நடுவில் பள்ளத்தாக்கின் தென்மேற்கு முனையில் மண்கரை எழுப்பி, அந்த ஓடையைத் தேக்கி, சுமார் 20 ஏக்கர் நீர்ப்பரப்பை உண்டாக்கினார்.

தமிழ்நாட்டில் ஏரிக்கரையும் கலங்கலும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் தொழில்நுட்பம் புதிதாகத் தோன்றாது: இரு மேடுகளுக்கு நடுவே கரை, மிகுநீர் வழிய ஒரு வழி, அவ்வளவுதான். நோக்கம்தான் வேறு. இந்த ஏரியின் நீர் ஒரு வயலுக்கும் பாய்வதற்காகத் தேக்கப்படவில்லை. எதிர்க்கரையில் உள்ள மண்டபத்தின் நிழல் விழுவதற்காகத் தேக்கப்பட்டது. கரையே கண்ணில் படாதபடி அதன் மேல் மரங்களை நட்டு, வழியும் நீரைப் பாறைகளுக்கு நடுவே அருவியாக விழச் செய்து, மனிதக் கை பட்ட அடையாளத்தை மறைத்திருக்கிறார்கள். கரைக்குக் கீழே விழும் நீர் இன்னொரு சிறு ஏரியைத் தொட்டு, ஸ்டவர் ஆறாக டார்செட் முழுவதையும் கடந்து, தென்கடற்கரையில் கிறைஸ்ட்சர்ச் அருகே கடலில் கலக்கிறது.

கரை எழும் முன்பே சில கட்டடங்கள் முடிந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். ஃப்ளோரா மண்டபமும் கற்குகையும் 1740களைச் சேர்ந்தவை. நீர் எந்த அளவுக்கு ஏறும், எந்தக் கட்டடத்தின் காலடியில் வந்து நிற்கும் என்பதை மனத்தில் கணித்தோ, அல்லது முன்பே இருந்த குளங்களோடு பொருத்திப் பார்த்தோ அவற்றுக்கு இடம் தேர்ந்திருக்க வேண்டும்.

இது 'கேபபிலிட்டி' பிரவுன் அமைத்த தோட்டம்தானே?

அல்ல. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தோட்டம் எதைக் கண்டாலும், 'கேபபிலிட்டி' என்று அழைக்கப்பட்ட புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் லான்ஸ்லாட் பிரவுனின் பெயரைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஸ்டவர்ஹெட்டை அமைத்தவர் அதன் உரிமையாளரான இரண்டாம் ஹென்றி ஹோரே. 1705இல் பிறந்த அவர், இத்தாலியில் சில ஆண்டுகள் பயணம் செய்து ஓவியங்களும் சிற்பங்களும் வாங்கிச் சேர்த்தார். அதுவரை அங்கே வாழ்ந்த தாயார் 1741இல் இறந்த பிறகு ஸ்டவர்ஹெட்டுக்குக் குடிவந்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தோட்டத்திலேயே கருத்தாக இருந்தார். கட்டடங்களை வரைந்து தந்தவர் ஹென்றி ஃப்ளிட்கிராஃப்ட். சிற்பங்களைச் செதுக்கியவர்கள் ஃப்ளெமியரான (இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியைச் சேர்ந்த) மைக்கேல் ரிஸ்பிராக்கும் ஜான் சியரும். மூவரையும் ஒன்றுசேர்த்த கண் ஹென்றியுடையது.

அந்தக் கண் ஓவியத்தில் பழகிய கண். ரோமாபுரியைச் சுற்றிய நிலக்காட்சிகளை வரைந்த கிளாட் லொரெய்ன், காஸ்பார் டுகே ஆகியோரின் படங்களை அன்றைய ஆங்கிலச் செல்வர்கள் விரும்பிச் சேர்த்தார்கள். கல்பாலம் எழுந்துகொண்டிருந்த 1762இல், ஏரியின் அந்த முனை காஸ்பாரின் அழகிய படம்போல இருக்கும் என்று ஹென்றி தம் மகள் சூசன்னாவுக்கு எழுதினார். மரங்களை நடும்போதும் ஓவியர்கள் நிழலைத் தீட்டுவதைப்போல அடர்பச்சையைப் பெருந்திரளாக வைத்து, இடையிடையே இளம்பச்சையைத் தெளிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அவருடைய குடும்ப வாழ்வு மகிழ்ச்சியானதாக இருக்கவில்லை. முதல் மனைவி திருமணமான மறு ஆண்டே இறந்தார். இரண்டாம் மனைவி 1743இல் இறந்தார். ஒரே மகனாக எஞ்சிய இளைஞர் 1752இல் நேப்பிள்ஸ் நகரில் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டில் தோட்டத்தின் மிகப்பெரிய கட்டடத்துக்கு வேலை தொடங்கியது. துயரமே தோட்டமானது என்று எழுதுவது எளிது. ஆனால் மகன் உயிரோடிருந்தபோதே தோட்டம் பாதி எழுந்திருந்தது என்பதால் அந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை.

ஏரியைச் சுற்றி நடக்கும்போது எதையெதை, எந்த வரிசையில் பார்க்கலாம்?

கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது ஏரி எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பதே பழைய வழக்கம். மாளிகைப் பக்கத்திலிருந்து மரங்களுக்கு நடுவே இறங்கினால், ஏரியின் முதல் தோற்றம் மேலிருந்து கிடைக்கும். கிராமத்து வாயில் வழியாக நேரே பாலத்துக்குப் போகிறவர்கள் இந்தத் தொடக்கத்தை இழந்துவிடுகிறார்கள்.

முதலில் வருவது ஃப்ளோரா மண்டபம். 1744க்கும் 1746க்கும் இடையில் தானியத் தெய்வமான சீரீஸின் பெயரில் கட்டப்பட்ட இதன் வாயிலில், ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்திலிருந்து ஒரு லத்தீன் வரி பொறிக்கப்பட்டுள்ளது. தூய்மையற்றோரே, அப்பால் விலகுங்கள் என்பது அதன் பொருள். காவியத்தில் ஈனியஸ் பாதாள உலகுக்குள் இறங்கும் முன் பெண் பூசாரி சொல்லும் சொற்கள் அவை.

அங்கிருந்து மறுகரைக்குப் போனால் 1748இல் அமைந்த கற்குகை. வழி கீழ்நோக்கி இறங்கி இருளுக்குள் போகிறது. மேலே ஒரு வட்டத் துளை வழியே ஒளி விழுகிறது. உள்ளே ஊற்றுநீர் வழிந்தோட, அதன்மேல் உறங்கும் நீரணங்கின் வெள்ளைச் சிலை. அவளை எழுப்பாமல் மெல்ல நட, பேசாமல் நீர் அருந்து, அல்லது பேசாமல் நீராடு என்று கேட்கும் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் நான்கு அடிகள் காலடியில் பொறிக்கப்பட்டுள்ளன. முன்னால் உள்ள தொட்டியில் ஹென்றி உண்மையாகவே வெயில்காலத்தில் குளித்தார். அடுத்த அறையில் கலசத்திலிருந்து நீரைக் கொட்டும் ஆற்றுத் தெய்வம், ஜான் சியரின் கைவேலை. குகையின் பக்கச் சாளரம் ஒன்று நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாக ஏரியை நோக்கித் திறக்கிறது. தோட்டம் முழுவதிலும் நின்று பார்க்க ஓரிடம்தான் வாய்க்கும் என்றால் நான் இந்தச் சாளரத்தைத் தேர்ந்தெடுப்பேன். இருட்டுக்குள் இருந்து பார்க்கும்போது நீரின் ஒளி இரு மடங்காகிறது.

குகையிலிருந்து ஏறினால் கோதிக் பாணிக் குடில். அதைக் கடந்ததும் பாந்தியன். ரோமாபுரியிலுள்ள புகழ்பெற்ற பாந்தியனைச் சிறிதாக்கி 1753–54இல் ஃப்ளிட்கிராஃப்ட் எழுப்பிய இந்த மண்டபத்தை முதலில் ஹெர்குலிஸ் கோயில் என்றே அழைத்தார்கள். உள்ளே வட்டச் சுவரின் மாடங்களில் தெய்வச் சிலைகள். நடுநாயகமாக ரிஸ்பிராக்கின் ஹெர்குலிஸ். குத்துச்சண்டை வீரர்கள் பலரின் உடற்கட்டில் சிறந்த பகுதிகளைத் தேர்ந்து இணைத்து அந்தச் சிலையை வடித்தார் என்று அக்காலத்து எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் குறிப்பிடுகிறார்.

பிறகு கரையின்மேல் நடந்து ஏரியின் தென்முனையைக் கடக்க வேண்டும். அங்கிருந்து பாறை வளைவு ஒன்று பாதையை ஊர்ச்சாலைக்கு மேலாக ஏற்றி அப்பல்லோ மண்டபத்துக்குக் கொண்டுபோகும். 1765இல் எழுந்த இந்த வட்ட மண்டபத்துக்கு முன்மாதிரி, லெபனானின் பால்பெக் நகரில் சிதைந்து நிற்கும் வீனஸ் கோயில். அந்தச் சிதைவுகளின் அளவெடுத்த படங்கள் 1757இல் அச்சாகி வந்திருந்ததால், யாரும் லெபனான் போகாமலே அதைத் திருப்பிக் கட்ட முடிந்தது. ஏற்றம் சற்றுக் கடுமையானது. ஆனால் நடந்து வந்த வழி முழுவதும் ஒரே பார்வையில் விரிவது இங்கிருந்துதான். இறங்கினால் ஐந்து வளைவுகள் கொண்ட கல்பாலம், அதையடுத்துக் கிராமம்.

இந்தச் சுற்றுப்பாதை ஈனியஸின் பயணத்தைச் சொல்கிறது என்கிறார்களே?

அப்படி ஒரு விளக்கம் 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்களிடம் வலுப்பெற்றது. ஃப்ளோரா மண்டபத்தின் வர்ஜில் வரி, பாதாளத்துக்குள் இறங்குவதுபோன்ற குகை, அதிலிருந்து மேலேறுவது, ரோமாபுரியை நினைவூட்டும் பாந்தியன் என்று அடுக்கிப் பார்த்தால், டிராய் நகரிலிருந்து தப்பி வந்து ரோமானியரின் மூதாதையான ஈனியஸின் கதை கண்முன் வருகிறது. பாந்தியனும் பாலமும் சேர்ந்த தோற்றம், ஈனியஸ் டெலோஸ் தீவில் நிற்பதைக் கிளாட் வரைந்த படத்தை ஒத்திருக்கிறது என்பதையும் சான்றாகக் காட்டுவார்கள்.

ஆனால் அதே தோட்டத்தில் துருக்கியக் கூடாரமும், சீனப் பாணி இருக்கையும், துறவியின் குடிலும், நடுக்காலக் கிறிஸ்தவச் சிலுவைத் தூணும் இருந்தன. அவற்றை ஈனியஸின் கதைக்குள் எப்படிப் பொருத்துவது? முப்பது நாற்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்த கட்டடங்களுக்கு முதல் நாளிலேயே ஒரே திட்டம் இருந்தது என்று காட்டும் ஹென்றியின் எழுத்து எதுவும் இல்லை. வடக்குப் பகுதியில் குகையைச் சுற்றி வர்ஜிலின் எதிரொலி வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. தோட்டம் முழுவதையும் ஒரு காவியத்தின் பக்கங்களாகப் படிப்பது மிகை.

இந்த மண்டபங்களில் வழிபாடு நடந்ததா?

இல்லை. கோயில் என்ற பெயரும் தெய்வச் சிலைகளும் இருந்தாலும் இவை ஓய்வெடுக்கவும், விருந்தினரோடு சிற்றுண்டி அருந்தவும், காட்சியை ரசிக்கவும் கட்டப்பட்டவை. ஹோர் குடும்பத்தினர் ஆங்கிலிகன் கிறிஸ்தவர்கள். வழிபடுவது கிராமத்துத் தேவாலயத்தில்தான்.

ஆயினும் அன்றே சிலருக்கு இது உறுத்தியது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1776இல் வந்து பார்த்துவிட்டுத் தம் நாட்குறிப்பில் காரணங்களை எண்ணிட்டு எழுதினார்: சிலைகள் சில தரமற்றவை, புறச்சமயத் தெய்வங்கள் பேய்களே என்பதால் பேய்களின் உருவங்களைத் தம்மால் வியக்க முடியாது, ஆடையற்ற சிலைகள் அறிவுக்கும் நாகரிகத்துக்கும் பொருந்தா. இதற்கு 14 ஆண்டுகளுக்கு முன், 1762இல் வந்த வால்போல், உலகிலேயே ஓவியத்துக்கு மிக ஏற்ற காட்சிகளில் ஒன்று என்று புகழ்ந்திருந்தார்.

கிராமத்து நுழைவில் உள்ள சிலுவைத் தூண் எப்படி அங்கே வந்தது?

அது பிரிஸ்டல் நகரத்தின் சிலுவைத் தூண். 1373இல் மன்னர் மூன்றாம் எட்வர்ட் அந்நகருக்குத் தனி மாவட்டத் தகுதி அளித்ததன் தொடர்பில் நகரின் நடுவே நிறுவப்பட்டது. மாடங்களில் அரசர்களின் சிலைகள்; பின்னர் மேலடுக்கில் முதலாம் எலிசபெத் அரசியும் சேர்ந்தார். 18ஆம் நூற்றாண்டில் போக்குவரத்துக்கு இடையூறு என்று சொல்லி அதைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் நிறுத்தினார்கள். அங்கும் நடைக்குத் தடை என்று மீண்டும் பிரித்து, பேராலயத்தின் மூலையில் துண்டுகளாகக் குவித்துவிட்டார்கள். வேண்டாப் பொருளாகக் கிடந்ததை 1764இல் ஹென்றி கேட்டு வாங்கி, வண்டிகளில் கொண்டுவந்து, மறு ஆண்டு பாலத்தருகே எழுப்பினார். பிரிஸ்டலிலிருந்து செயின்ட் பீட்டர் நீர்த்தூணையும் இதேபோல் கொண்டுவந்து ஆற்றின் ஊற்றுக்கண் மேல் நிறுத்தினார். தம் பழமையைத் தாமே தூக்கி எறிந்த நகரத்துக்கு அவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ஒரு தோட்டப் பித்தர்.

ஆல்ஃபிரட் கோபுரம் எதற்காகக் கட்டப்பட்டது?

ஏரியிலிருந்து வடமேற்கே, சாமர்செட் எல்லைக்குள் கிங்செட்டில் குன்றின்மேல் நிற்கும் முக்கோணச் செங்கல் கோபுரம் இது. 49 மீட்டர் உயரம், 205 படிகள். கட்டி முடிந்த ஆண்டு 1772. வடிவமைத்தவர் ஃப்ளிட்கிராஃப்ட். மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறியதையும், பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்ததையும் நினைவுகூர ஹென்றி இதைத் திட்டமிட்டார். டேனியப் படையை எதிர்க்கச் சாக்சன் மன்னர் ஆல்ஃபிரட் ஆள்திரட்டிய இடம் இந்தக் குன்றுதான் என்ற செவிவழி மரபே இங்கே இடம் தேரக் காரணம். கல்வெட்டில் 879 என்று ஆண்டு பொறித்திருக்கிறார்கள். இன்றைய வரலாற்றாசிரியர்கள் 878 என்பர். ஜூரி முறை, கடற்படை, ஆங்கிலேய உரிமை என்று தங்களுக்குப் பெருமையான எல்லாவற்றுக்கும் ஆல்ஃபிரடையே மூலவராக அந்தக் கல்வெட்டு ஆக்குகிறது. 9ஆம் நூற்றாண்டைவிட 18ஆம் நூற்றாண்டைப் பற்றித்தான் அது நமக்கு அதிகம் சொல்கிறது.

1944இல் அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று கோபுரத்தின் உச்சியில் மோதியது. அதில் இருந்த 5 பேரும் இறந்தனர். சேதமடைந்த உச்சி 1980களில் சீரமைக்கப்பட்டது.

ரிச்சர்ட் கோல்ட் ஹோர் என்ன மாற்றங்களைச் செய்தார்?

இரண்டாம் ஹென்றியின் மகள் வயிற்றுப் பேரனான இவருக்கு 1783இல் எஸ்டேட் எழுதிக் கொடுக்கப்பட்டது. நிபந்தனை ஒன்றுதான்: வங்கியிலிருந்து விலகிவிட வேண்டும். அமெரிக்க விடுதலைப் போரினால் பணச்சந்தை ஆட்டம் கண்டிருந்த காலம் அது. வங்கி வீழ்ந்தாலும் ஸ்டவர்ஹெட் அதோடு போய்விடக் கூடாது என்று தாத்தா கணக்கிட்டார். வங்கியும் வீழவில்லை, ஸ்டவர்ஹெட்டும் போகவில்லை. குடும்பத்துக்கு ஓர் அறிஞர் கிடைத்தார்.

1785இல் இளம் மனைவி இறந்தபின் கோல்ட் ஹோர் இத்தாலியில் பல ஆண்டுகள் அலைந்தார். திரும்பி வந்து மாளிகையின் இரு பக்கமும் சிறகுகள் சேர்த்தார்: ஒன்றில் நூலகம், மற்றொன்றில் ஓவியக்கூடம். அறைகலன்களை இளைய தாமஸ் சிப்பன்டேல் செய்து கொடுத்தார். பீப்பாய் வளைவுக் கூரை கொண்ட அந்த நூலகம், என் மதிப்பில், மாளிகையின் மிகச் சிறந்த அறை. இளைஞராக இருந்த ஓவியர் டர்னருக்குத் தொடர்ந்து வேலை கொடுத்து ஆதரித்தவரும் இவரே.

தோட்டத்தில் இவர் சேர்த்ததைவிட நீக்கியதே முக்கியம். துருக்கியக் கூடாரம், சீன இருக்கை முதலியவை கண்ணுக்கு ஒவ்வாதவை என்று எடுத்துவிட்டார். இன்று நாம் காணும் செவ்வியல் ஒருமை தாத்தாவின் தோட்டத்தில் இருந்ததல்ல. பேரனின் கத்திரிக்குப் பிறகு எஞ்சியது. பாதைகளுக்குச் சரளை இட்டதும், 1790களில் ரோடோடென்ட்ரான் என்ற பூச்செடிகளை நடத் தொடங்கியதும் இவரே.

தோட்டத்துக்கு வெளியே இவருடைய பெயர் நிலைத்திருப்பது தொல்லியலில். கம்பளி வணிகரான வில்லியம் கன்னிங்டனுடன் சேர்ந்து வில்ட்ஷரின் நூற்றுக்கணக்கான ஈமக்குன்றுகளை அகழ்ந்தார். ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே புஷ் பாரோ என்ற குன்றில் 1808இல் கிடைத்த சாய்சதுரப் பொற்தகடு, டிவைசஸ் நகர அருங்காட்சியகத்துக்கு உரியது. ஊகத்திலிருந்து அல்ல, உண்மைகளிலிருந்தே பேசுகிறோம் என்பது தம் வரலாற்று நூலின் தொடக்கத்தில் அவர் எழுதிய வாசகம்.

வசந்தத்தில் தெரியும் வண்ணங்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தவையா?

இல்லை. இரண்டாம் ஹென்றியின் தோட்டம் பச்சையால் ஆனது: பீச் மரங்களும் ஊசியிலை மரங்களும் மேலே, லாரல் புதர்கள் கீழே. கோல்ட் ஹோர் புதிய வகைகளைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் வட அமெரிக்க ஊசியிலை மரங்களைச் சேர்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஆறாம் பாரனெட் (வழிவழியாக வரும் ஒரு பட்டம்) சர் ஹென்றி, கலப்பின ரோடோடென்ட்ரான்களையும் அசேலியாக்களையும் ஏராளமாக நட்டார். மே, ஜூன் மாதங்களில் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கரையெங்கும் கொட்டிக் கிடப்பது அதன் விளைவு. இந்த நிறக்கொட்டம் மண்டபங்களோடு போட்டியிடுகிறது என்று குறைகூறும் தோட்டக்கலை அறிஞர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. போதாக்குறைக்கு, பான்டிகம் என்ற ரோடோடென்ட்ரான் வகை பிரிட்டனின் காடுகளில் களையாகப் பரவிவிட்டது.

1902 தீ விபத்தில் என்னென்ன அழிந்தன?

ஏப்ரல் மாதத்தில் புகைபோக்கியில் பற்றிய நெருப்பு, கேம்பெல் கட்டிய நடுப்பகுதியின் உட்புறத்தை எரித்துவிட்டது. கீழ்த்தளத்து ஓவியங்களையும் அறைகலன்களையும் வெளியே எடுத்துவிட முடிந்தது. மேல்தளத்தில் இருந்தவை போயின. இரு சிறகுகளும் தப்பின என்பதால் நூலகமும் ஓவியக்கூடமும் பழையவை. நடு அறைகள் தீக்குப் பின் திருப்பிக் கட்டியவை. ஆனால் சேகரிப்புக்கு ஏற்பட்ட பெரிய இழப்புக்கு நெருப்பு காரணமல்ல. வேளாண் வருமானம் வீழ்ந்த காலத்தில், 1883இல், ஐந்தாம் பாரனெட் ஏராளமான ஓவியங்களையும் கோல்ட் ஹோரின் நூல்களையும் ஏலத்தில் விற்றார்.

தனியார் சொத்தாக இருந்தது நேஷனல் டிரஸ்ட்டிடம் எப்படி வந்தது?

1894 முதல் இறந்தோரின் சொத்துக்கு வரி உயர்ந்துகொண்டே போனதால், பெருமாளிகைகளை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது பல குடும்பங்களுக்கு இயலாததானது. 1937இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வீட்டையும் அதைப் பராமரிக்க வருவாய் தரும் நிலத்தையும் நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுப்போர் வரிவிலக்கோடு அதிலேயே தொடர்ந்து வாழலாம் என்ற வழி பிறந்தது.

ஆறாம் பாரனெட் சர் ஹென்றிக்கும் அவர் மனைவி ஆல்டாவுக்கும் ஹாரி என்ற ஒரே மகன். முதல் உலகப் போரில் பாலஸ்தீனப் போர்முனையில் காயமுற்ற ஹாரி, 1917 டிசம்பரில் அலெக்சாண்ட்ரியாவில் இறந்தார். நேர் வாரிசில்லாத நிலையில், பெற்றோர் நீண்ட பேச்சுகளுக்குப் பிறகு 1946இல் மாளிகையையும் தோட்டத்தையும் எஸ்டேட்டின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தனர். 1947 மார்ச் 25 அன்று, சில மணிநேர இடைவெளியில், இருவரும் இறந்தனர்.

ஹோர் குடும்பத்துக்கு இன்று அங்கே பங்கு ஏதும் உண்டா?

உண்டு. எஸ்டேட்டின் மேற்குப் பகுதி குடும்பத்தின் கிளையிடமே நின்றது. அங்குள்ள காடுகளில், ஒரே நேரத்தில் மொத்தமாக வெட்டாமல் பல வயது மரங்களும் எப்போதும் நிற்கும்படி தேர்ந்து வெட்டும் முறை கையாளப்படுகிறது. வனத்துறையினர் வந்து கற்கும் அளவுக்கு அது பெயர் பெற்றது.

எந்தப் பருவத்தில் போவது நல்லது? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பூக்களுக்கு மே மாதத்தின் பின்பாதியும் ஜூன் தொடக்கமும். இலை நிறம் மாறுவதைக் காண அக்டோபர் இறுதி. இவ்விரு பருவங்களிலும் வார இறுதிக் கூட்டம் மிகுதி. கட்டடங்களையும் நீரையும் மட்டும் பார்க்க விரும்புவோருக்கு இலையுதிர்ந்த குளிர்காலமே சிறந்தது. அப்போதுதான் ஹென்றி எதை எதற்கு எதிரே வைத்தார் என்பது மறைப்பின்றித் தெரியும். ஏரியைச் சுற்ற ஒன்றரை மணி நேரம், மாளிகைக்கு ஒரு மணி நேரம், ஆல்ஃபிரட் கோபுரத்துக்குக் காட்டுவழியே நடப்பதாயின் அரைநாள் தனியாக வேண்டும். மண்டபங்களும் கோபுரமும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை என்பதால் கிளம்பும் முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். குகைக்குள் தரை எப்போதும் ஈரம். வழுக்காத காலணி அவசியம். அப்பல்லோ மண்டபத்துக்கு ஏற இயலாதவர்கள் கரையோடு ஒட்டிய சமப்பாதையிலேயே பாலத்தை அடையலாம்.